டீஃபால்ட்டையும் பாடத்தில் சேருங்கள்

கலை, அறிவியல் கல்லூரிகளில் ஆர் மொழி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

தரவுகளை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் நான். புள்ளியியலோ வணிகப் பகுப்பாய்வோ படித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழக்குவதும் என் பொறுப்புகளில் ஒன்று. ஆர் மொழி அவர்களுக்குப் பழக்கமானதுதான். சராசரிக்கு மீன்(), கூட்டுத்தொகைக்கு சம்(), திட்ட விலக்கத்துக்கு எஸ்டி(), அலைவெண் பட்டியலுக்கு டேபிள்() என்று பெயர்கள் மளமளவென்று வந்து விழும். வைவாவில் கேட்கக்கூடிய கேள்வி எதற்கும் அவர்கள் தடுமாறுவதில்லை. அது நீங்கள் போட்ட அடித்தளம். அதற்கு முதலில் என் நன்றி.

என் குறை வேறொன்று. ஒவ்வொரு ஃபங்ஷனும் என்ன கணக்குப் போடும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. நாம் வாய் திறக்காத இடங்களில் அது தானாக என்ன முடிவு செய்துகொள்ளும் என்பது தெரிவதில்லை. தரவு விடுபட்டிருந்தால் என்ன செய்யும்? எண்களுக்கு நடுவே எழுத்து கிடந்தால்? கால்மானத்துக்குப் பல சூத்திரங்கள் இருக்கும்போது எதை எடுத்துக்கொள்ளும்? இதற்கெல்லாம் ஆரில் முன்கூட்டியே எழுதிவைத்த விடைகள் உண்டு. அவற்றைத்தான் டீஃபால்ட் என்கிறோம். ஃபங்ஷனின் பெயரோடு அதன் டீஃபால்ட்டையும் சேர்த்துக் கற்பியுங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடல்.

டீஃபால்ட் என்பதும் ஒருவர் எடுத்த முடிவுதான். 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் அவரோடு இருந்தவர்களும் எஸ் என்ற மொழியைத் தொடங்கினார்கள். 1990-களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரு புள்ளியியலாளர்கள் அதன் வழியில் ஆர் மொழியை உருவாக்கினார்கள். 2000 பிப்ரவரி 29-இல் அதன் 1.0.0 பதிப்பு வெளிவந்தது. தங்கள் வேலைக்கு எது வசதி, எது பாதுகாப்பு என்று புள்ளியியலாளர்களே யோசித்து வைத்த முடிவுகள் இவை. அவர்கள் யோசித்தார்கள் என்பதற்காக நாம் யோசிக்காமல் இருக்க முடியாது. நம் தரவை அவர்கள் பார்த்ததில்லை.

ஆரோடு கூடவே வரும் ஏர்குவாலிட்டி என்ற தரவையே எடுத்துக்கொள்வோம். எல்லாக் கல்லூரி ஆய்வகங்களிலும் அது இருக்கிறது. எதையும் தரவிறக்க வேண்டியதில்லை. 1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க் நகரின் காற்றைப் பற்றி நாள்தோறும் எடுத்த அளவுகள், மொத்தம் 153 நாட்கள். அதில் ஓசோன் பத்தியின் சராசரியைக் கேட்டால் மீன்() தரும் விடை, என்ஏ. மாணவர் உடனே என்ஏ.ஆர்எம் என்பதை ட்ரூ என்று மாற்றுவார். 42.13 என்று விடை வரும். ரெக்கார்ட் நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுவார்.

அந்த என்ஏ பிழைச்செய்தி அல்ல, ஆர் நம்மைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. சில நாட்களின் அளவு என்னிடம் இல்லை, இல்லாததை வைத்து மொத்தச் சராசரியை எப்படிச் சொல்வது என்று அது கேட்கிறது. என்ஏ.ஆர்எம் என்பதை ட்ரூ ஆக்கும்போது, அந்த நாட்கள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மீதி நாட்களே மொத்தத்துக்கும் சாட்சி என்று நாம் பதில் சொல்கிறோம். அந்தப் பதில் சரியா என்று பார்க்க இன்னும் இரண்டு வரிகள் போதும்.

இஸ்.என்ஏ() போட்டு சம்() எடுத்தால், விடுபட்டவை 37 என்று தெரியும். டிஅப்ளை() கொண்டு மாதவாரியாகப் பிரித்தால் மே, ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தலா 5, செப்டம்பரில் 1. மிச்சமுள்ள 21-உம் ஜூன் மாதத்தில். ஆக, ஜூனின் 30 நாட்களில் 9 நாட்களுக்குத்தான் அளவு இருக்கிறது. அதோடு ஜூன் 21 முதல் 30 வரை தொடர்ந்து பத்து நாட்கள் வெற்றிடம். மாதவாரிச் சராசரியோ மே மாதத்துக்கு 23.62, ஜூனுக்கு 29.44, ஜூலைக்கு 59.12 என்று வருகிறது. ஜூலை முதல் தேதியின் அளவே 135. ஓசோன் ஏறத் தொடங்கியது ஜூன் கடைசியிலா, ஜூலையிலா? அதைச் சொல்லியிருக்க வேண்டிய பத்து நாட்கள் தரவில் இல்லை. ஆனால் 29.44 என்ற எண், 26 நாட்களிலிருந்து கிடைத்த 59.12-க்குப் பக்கத்தில் அதே தோரணையோடு உட்கார்ந்திருக்கிறது. பட்டைப்படம் வரைந்தால் இரண்டு பட்டைகளும் ஒரே நிறம், ஒரே அகலம்.

இந்த ஒரே தரவில் மற்ற ஃபங்ஷன்களின் சுபாவத்தையும் காட்டிவிடலாம். மீன்() விடுபட்டதைக் கண்டதும் நின்றுவிடுகிறது. டேபிள்() எதுவும் சொல்லாமல் அவற்றைத் தள்ளிவிட்டு மீதியை எண்ணுகிறது. யூஸ்என்ஏ என்ற ஆர்க்யுமென்டை மாற்றினால்தான் அவை பட்டியலில் தலைகாட்டும். எல்எம்() கொண்டு சூரிய ஒளி, காற்று, வெப்பநிலை ஆகியவற்றை வைத்து ஓசோனைக் கணிக்கும் தொடர்புப்போக்கு மாதிரி போட்டால், ஏதேனும் ஒன்று விடுபட்ட நாளை முழுவதுமாக நீக்கிவிட்டு 111 நாட்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 42 நாட்கள் நீக்கப்பட்டன என்ற செய்தி சம்மரி() வெளியீட்டின் அடியில் ஒரு சிறு வரியாக வரும். மதிப்பெண்ணுக்காக ஆர்-ஸ்கொயரைத் தேடும் கண் அந்த வரியில் நிற்பதில்லை. ஒன்று மறுக்கிறது, ஒன்று மறைக்கிறது, ஒன்று நீக்கிவிட்டு ஓரமாகச் சொல்கிறது. ஒரே மொழிக்குள் மூன்று வழக்கங்கள் இருக்கும்போது ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்க முடியாது.

இவற்றைவிட ஆபத்தானது சம்(). ஒரு மழைமானி நிலையத்தில் ஒரு மாதம் முழுக்க அளவே எடுக்கவில்லை, எல்லா நாளும் என்ஏ என்று வையுங்கள். என்ஏ.ஆர்எம் ட்ரூ என்று சொல்லி மீன்() கேட்டால் என்ஏஎன் என்று வரும். ஏதோ சரியில்லை என்றாவது தெரியும். சம்() கேட்டால் 0 என்று வரும். ஒன்றுமில்லாததின் கூட்டுத்தொகை பூச்சியம் என்பது கணிதத்தில் சரி. அறிக்கையிலோ அது அந்த ஊரில் மழையே பெய்யவில்லை என்று பொருள்படும். அளக்காததும் பெய்யாததும் ஒரே எண்ணாகிவிட்டன. எச்சரிக்கை எதுவும் வராது.

நம் கல்லூரிகளிலேயே நாளும் புழங்கும் தரவு ஒன்றுண்டு: மதிப்பெண் பட்டியல். தேர்வுக்கு வராத மாணவருக்கு எதிரே ஏபி என்று போடுவோம். 35, 72, 90, ஏபி என்று நான்கு பேர். அந்த இரண்டு எழுத்துகளுக்காக ரீட்.சிஎஸ்வி() பத்தி முழுவதையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்புக்கு முன்பு, எழுத்துப் பத்திகளைத் தானாக ஃபேக்டர் ஆக்கிவிடுவது டீஃபால்ட். அப்படிப்பட்ட ஃபேக்டரை ஆஸ்.நியூமெரிக்() கொண்டு எண்ணாக்கினால் 35, 72, 90 கிடைக்காது. 1, 2, 3, 4 என்று வரிசைக் குறியீடுகள் கிடைக்கும். வகுப்பின் சராசரி 2.5. நான்கு பேர் என்பதால் சிரித்துவிட்டுத் திருத்துகிறோம். நானூறு பேர் என்றால் சராசரி நம்பும்படியான ஓர் எண்ணாகவே வந்து நிற்கக்கூடும். இன்றைய பதிப்பில் எழுத்து எழுத்தாகவே இருக்கும். அதை எண்ணாக்கும்போது ஏபி என்ஏ ஆகிவிட்டது என்று எச்சரிக்கை வரும். வராதவரை விட்டுவிட்டால் சராசரி 65.67, அவருக்குப் பூச்சியம் போட்டால் 49.25. எது வேண்டும் என்பதை ஆர் சொல்லாது. தேர்ச்சியைப் பற்றிப் பேசுகிறோமா, எழுதியவர்களின் தரத்தைப் பற்றிப் பேசுகிறோமா என்று தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு துணை வேண்டுகோள். 2020-க்கு முன் தயாரித்த ஆய்வகக் கையேடுகள் உங்களிடம் இருந்தால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஃபேக்டர் விஷயம் மட்டுமல்ல. 2019-இல் வந்த 3.6.0 பதிப்பில் சாம்பிள்() எண்களைத் தேர்ந்தெடுக்கும் உள்முறை மாறியது. செட்.சீட்() ஒரே எண்ணாக இருந்தாலும் பழைய கையேட்டில் அச்சான மாதிரி இப்போது வராமல் போகலாம். விடை பொருந்தவில்லை என்று மாணவருக்கு மதிப்பெண் குறைந்துவிடக் கூடாது.

பாடநூல் கணக்குக்கும் ஆர் விடைக்கும் முரண்பாடு வரும் இடங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கையால் போட்டால் ஒரு விடை, கணினியில் வேறு விடை என்றதும் பிள்ளைகள் தங்கள் கையைச் சந்தேகிக்கிறார்கள். கேட்கத் தயங்கி, கணினி சொன்னதை எழுதிவிடுகிறார்கள். 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எட்டு எண்களின் சராசரி 5, திட்ட விலக்கம் சரியாக 2. எஸ்டி() தருவதோ 2.138. எட்டால் வகுக்காமல் ஏழால் வகுக்கிறது. நம்மிடம் இருப்பது முழுமைத்தொகுதி அல்ல, அதிலிருந்து எடுத்த மாதிரி என்பது அந்த ஃபங்ஷனின் டீஃபால்ட் நம்பிக்கை. எட்டால் வகுப்பதற்கு ஆரில் தனி ஃபங்ஷன் கிடையாது. நாமே எழுதிக்கொள்ள வேண்டும். என்-இலிருந்து ஒன்றை ஏன் கழிக்கிறோம் என்பதை நடத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. விடை ஒத்துப்போகாத அந்த நிமிடத்தில் மாணவரே காரணம் கேட்பார்.

கால்மானத்தில் இந்தச் சிக்கல் இன்னும் சுவையானது. 1 முதல் 10 வரையுள்ள எண்களுக்கு முதல் கால்மானம் என்ன? நாம் வழக்கமாக நடத்தும் முறையில் என் கூட்டல் ஒன்றை நான்கால் வகுத்து 2.75-ஆவது உறுப்பு, அதாவது 2.75. குவான்டைல்() தருவது 3.25. பெட்டிப்படம் வரையும்போது பின்னணியில் பயன்படும் ஃபைவ்நம்() முறைக்குப் போனால் 3. மூன்றும் சரியே. கால்மானத்துக்கு ஒரே வரையறை இல்லை என்பதுதான் உண்மை. ஹைண்ட்மன், ஃபேன் என்ற இருவர் 1996-இல் ஒரு கட்டுரையில் இப்படி ஒன்பது முறைகளை வரிசைப்படுத்தினார்கள். குவான்டைல்() ஃபங்ஷனின் டைப் என்ற ஆர்க்யுமென்டில் அந்த ஒன்பதும் இருக்கின்றன. டீஃபால்ட் 7, நம் வகுப்பறை முறை வேண்டுமென்றால் 6. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லாவிட்டால், பாடநூல் பழையது, கணினிதான் சரி என்ற எண்ணம் மாணவர் மனதில் தங்கிவிடும்.

ரவுண்ட்() கதையும் இதேதான். அரை வந்தால் மேலே தள்ளு என்று பள்ளியில் படித்தவருக்கு 0.5 ஏன் 0 ஆகிறது, 2.5 ஏன் 2 ஆகிறது என்று புரியாது. சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது அதன் வழக்கம். எல்லாப் பாதிகளையும் மேலே தள்ளினால் பெரிய தரவில் கூட்டுத்தொகை ஒரு பக்கமாகச் சாயும் என்பதற்காக வைத்த விதி அது.

இன்னும் சில பொறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்(35, 72, 90) என்றால் 197 வரும். அதே பழக்கத்தில் மீன்(35, 72, 90) என்றால் 35 வரும். மீன்() முதல் ஆர்க்யுமென்டை மட்டுமே தரவாக எடுத்துக்கொள்கிறது. மற்ற இரண்டும் வேறு வேலைகளுக்கான கட்டளைகள் என்று நினைத்துக்கொள்கிறது. மூன்றையும் சி() கொண்டு ஒரே வெக்டராகக் கட்டிக் கொடுத்தால்தான் 65.67. அடுத்தது மோட்(). முகடு வரும் என்று நம்பிக் கேட்டால், தரவு எந்த வகை என்று மட்டும் சொல்லும். முகட்டுக்கென்று உள்ளமைந்த ஃபங்ஷன் கிடையாது. டேபிள்() போட்டு அதில் பெரியதை எடுக்க வேண்டும். அதற்கு விச்.மேக்ஸ்() பயன்படுத்தினால், இரண்டு முகடுகள் இருக்கும்போது முதலாவதோடு நின்றுவிடும். சாம்பிள்() இன்னும் குறும்பு. 8, 15, 20 என்ற வெக்டரைக் கொடுத்தால் அவற்றைக் குலுக்கித் தரும். வடிகட்டியபின் 8 மட்டும் மிஞ்சியதென்றால், 1 முதல் 8 வரை குலுக்கித் தரும். தரவில் இல்லாத எண்கள் மாதிரிக்குள் வந்துவிடும்.

தமிழில் பெயர்ப் பட்டியல் வைத்து வேலை செய்கிறவர்கள் என்கார்() விஷயத்திலும் கவனமாக இருக்க வேண்டும். தமிழ் என்ற சொல்லுக்கு நம் கணக்கில் மூன்று எழுத்து. என்கார்() சொல்வது 5. ஒருங்குறியில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக நிற்பதால் வரும் கணக்கு இது. சப்ஸ்டிரிங் எடுக்கும் சப்எஸ்டிஆர்() ஃபங்ஷனிடம் முதல் இரண்டைக் கேட்டால் ‘தம’ என்று வெட்டித் தரும். பெயரின் தலைப்பெழுத்தைப் பிரிக்கும் வேலைகளில் இது உடனே இடறும்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. பாடத்திட்டம் மேலிருந்து வருகிறது. ஆய்வக நேரம் கொஞ்சம். அதிலும் பாதி கணினிகளை இயக்கி எழுப்புவதிலேயே போய்விடும். வெளித்தேர்வாளர் வரும் நாளில் எல்லார் திரையிலும் விடை வந்தாக வேண்டும். ஆகையால் புதிய தாள் வேண்டாம், கூடுதல் மணி வேண்டாம். இருக்கிற நேரத்துக்குள்ளேயே செய்யக்கூடிய மூன்று மாற்றங்களை மட்டும் கேட்கிறேன்.

முதலாவது, உதவிப் பக்கத்தை வகுப்பில் வாசியுங்கள். ஃபங்ஷனின் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டால் அது திறக்கும். அதில் யூசேஜ் என்ற பகுதியில், எந்த ஆர்க்யுமென்டுக்கு என்ன டீஃபால்ட் என்பது சமக்குறியோடு இருக்கும். ஐம்பது ஃபங்ஷன்களின் பெயரை எழுதிப்போடும் நேரத்தில் பத்து ஃபங்ஷன்களின் அந்தப் பகுதியை வாசித்து முடிக்கலாம். மீதி நாற்பதை மாணவர் தானே வாசித்துக்கொள்வார். நிரலை எழுதிக்கொடுக்க இன்று எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. பெயரை நினைவில் வைத்திருப்பதற்கு முன்பிருந்த மதிப்பு இல்லை. அந்தக் கருவி எழுதித் தந்த வரியில் என்ஏ.ஆர்எம் ட்ரூ என்று இருந்தால், இங்கே அது சரியா என்று கேட்கத் தெரிந்தவருக்குத்தான் வேலையில் மதிப்பு.

இரண்டாவது, சுத்தமான தரவை மட்டுமே கொடுத்துப் பழக்காதீர்கள். பயிற்சித் தரவில் வேண்டுமென்றே நான்கு இடங்களைக் காலியாக விடுங்கள். ஓரிடத்தில் ஏபி போடுங்கள். ஒரு குழுவில் ஒரே ஒரு ஆளை மட்டும் வையுங்கள். கணக்கைத் தொடங்கும் முன் ஹெட்(), எஸ்டிஆர்(), சம்மரி() மூன்றையும் ஓட்டி, பார்த்ததை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ரெக்கார்ட் நோட்டில் ஒவ்வொரு விடைக்கும் கீழே ஒரு வரி கட்டாயமாகட்டும்: இந்த விடை எத்தனை மதிப்புகளிலிருந்து வந்தது, எத்தனை விடுபட்டன, அவற்றை என்ன செய்தேன். ஜூன் மாதச் சராசரி 29.44 என்பதன் அடியில், ‘9 நாட்கள் மட்டும், கடைசிப் பத்து நாட்களுக்குத் தரவு இல்லை’ என்று ஒரு மாணவர் எழுதிவிட்டால், ஆர் அவருக்குப் பழகிவிட்டது என்று நான் ஒப்புக்கொள்வேன்.

தேர்வுத்தாள் உங்கள் கையில் இருக்கும் இடங்களில் இன்னொன்றும் செய்யலாம். சராசரி காணும் ஃபங்ஷன் எது என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்பதற்குப் பதிலாக, ஒரு வெளியீட்டை அச்சிட்டுக் கொடுத்து, இந்த எண்ணை நம்பலாமா, ஏன் என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள். தேர்வில் கேட்டால்தான் பிள்ளைகள் படிப்பார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரும் பருவத்தில் ஒரே ஒரு தாளில், ஒரே ஒரு கேள்வியாக இதைத் தொடங்கிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களோடு வேலை செய்யும் தரவுப் பகுப்பாய்வாளர் ஒருவன்